சமையலறை வரை கேட்க வேண்டிய இசை

கேள்வி இது: "பழைய டிவி தொடர்களின் டைட்டில் இசையில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை, ஏன்? இப்போது வரும் தொடர்களில் அப்படி எதுவும் மனதில் நிற்கவில்லையே, எனக்கு வயதாகிவிட்டதா?"

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வயதும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். ஆனால் அது மட்டும் இல்லை. அந்தக் காலத்து டைட்டில் இசைக்கு ஒரு குறிப்பிட்ட வேலை இருந்தது. இன்று அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது.

என்ன வேலை? ஆள் கூப்பிடுகிற வேலை. தொடர் எட்டு மணிக்கு என்றால் எட்டு மணிக்குத்தான். தவறவிட்டால் போச்சு, திரும்பப் பார்க்க வழி கிடையாது. டிவி இருப்பது கூடத்தில். வீட்டில் உள்ளவர்களில் பாதிப் பேர் சமையலறையிலோ கொல்லைப்புறத்திலோ வாசலிலோ இருப்பார்கள். அவர்கள் காதில் விழுந்து, "ஐயோ, ஆரம்பிச்சுட்டான்" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வர வைக்க வேண்டும். அதனால் நான் டைட்டில் இசையை எடை போடுவது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: படத்தைப் பார்க்காமல், அடுத்த அறையில் இருந்துகொண்டு, முதல் மூன்று நொடிக்குள் இது இன்ன தொடர் என்று சொல்ல முடிகிறதா? மெட்டு அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்குவது 'மிஷன் இம்பாசிபிள்'. டாம் குரூஸ் படங்களைச் சொல்லவில்லை. 1966 முதல் 1973 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் வந்த தொடர். இசை லாலோ ஷிஃப்ரின். அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் பிறந்தவர், அமெரிக்காவுக்கு வந்து டிஸ்ஸி கில்லெஸ்பியின் ஜாஸ் குழுவில் பியானோ வாசித்தவர். தொடரை உருவாக்கிய புரூஸ் கெல்லர் அவரிடம் கேட்டதே ஏறக்குறைய நான் மேலே சொன்னதுதான்: யாராவது சமையலறையில் குளிர்பானம் எடுத்துக்கொண்டிருந்தாலும் இது காதில் விழுந்தவுடன் தொடர் ஆரம்பித்துவிட்டது என்று தெரிய வேண்டும். ஷிஃப்ரின் பிற்பாடு பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். இன்னொரு வேடிக்கை, டைட்டிலுக்கு என்று அவர் முதலில் எழுதிக் கொடுத்தது வேறு, அணிவகுப்புப் பாணியில் ஒரு மெட்டு. இப்போது உலகமே முணுமுணுக்கும் இந்த இசை, முதல் அத்தியாயத்தில் தப்பியோடும் ஒரு காட்சிக்காக எழுதியது. கெல்லர் அதைக் கேட்டுவிட்டு, இதுதான் டைட்டில் என்று இழுத்துக்கொண்டார்.

இதில் என்ன விசேஷம் என்பதைக் கையில் தாளம் போட்டுப் பார்த்தால்தான் புரியும். மேற்கத்தியப் பாட்டு பெரும்பாலும் நாலு நாலாக ஓடும், இல்லை மூன்று மூன்றாக. இது ஐந்து. ஆனால் நமக்குப் பழக்கமான கண்ட சாபு போல 'தக தகிட, தக தகிட' என்று ஒரே சீராக வராது. ஐந்தை இரட்டித்துப் பத்தாக வைத்துக்கொண்டு, 'தகிட தகிட தக தக' என்று எண்ணுங்கள். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. முதல் இரண்டு அடி நீளம், அடுத்த இரண்டு அடி குட்டை. நீள அடிகளில் காது கொஞ்சம் நிதானத்துக்கு வருவதற்குள் குட்டை அடிகள் காலை வாரிவிடுகின்றன. மறுபடி சுற்று ஆரம்பிக்கிறது. எங்கேயும் உட்கார இடமே கொடுக்காது. திரையில் ஒரு தீக்குச்சி உரசித் திரி எரிந்துகொண்டே போகும், அதற்கு இதைவிடப் பொருத்தமான தாளம் கிடையாது.

தந்திக் குறியீட்டில் 'எம்' என்றால் இரண்டு கோடு, 'ஐ' என்றால் இரண்டு புள்ளி. நீளம் நீளம் குட்டை குட்டை. அதாவது தொடரின் பெயரின் முதலெழுத்துகளே அந்தத் தாளத்தில் இருக்கின்றன. ரசிகர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவரும் சங்கதி இது. தற்செயலோ இல்லையோ, கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஏன் ஐந்தில் எழுதினீர்கள் என்று கேட்டால் ஷிஃப்ரின், ஐந்து கால் உள்ளவர்கள் ஆடுவதற்காக என்று கிண்டலாகப் பதில் சொல்வாராம்.

1996இல் முதல் படம் வந்தபோது, யூ2 என்ற ராக் குழுவின் லாரி மல்லனும் ஆடம் கிளேட்டனும் இதை நடன இசையாகச் செய்து வெளியிட்டார்கள். ஆடுவதற்கு வசதியாகப் பெரும்பகுதியை நாலுக்கு மாற்றிவிட்டார்கள். பாட்டு சக்கைப்போடு போட்டது. எனக்கு அது ஒட்டவில்லை. நாலில் கேட்கும்போது அந்த நெருக்கடி போய்விடுகிறது, எல்லாம் சரியாகத்தான் முடியும் என்ற தைரியம் வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் நான் கீபோர்டு வாசித்த மெல்லிசைக் குழுவில் இதைப் போட்டுப் பார்த்தோம். டிரம்ஸ் வாசித்தவர் தன்னையறியாமல் நாலாவது அடியோடு சுற்றை முடித்துவிடுவார், நாங்கள் எல்லோரும் ஒரு அடி தள்ளி நிற்போம். கடைசியில் அவர் காதில் 'தகிட தகிட தக தக' என்று சொல்லிக்கொண்டே இருக்க ஒருவரை நிறுத்தி வைத்தோம்.

இதற்கு முன்னோடி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 1958இல் வந்த துப்பறியும் தொடர் 'பீட்டர் கன்'. இசை ஹென்றி மான்சினி. கிடாரும் பியானோவும் சேர்ந்து அடித்தளத்தில் ஒரே ஒரு துண்டை, ஒரு தாளச் சுற்று நீளம்தான், ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை மாற்றாமல் வாசித்துக்கொண்டே இருக்கும். மேலே பித்தளை வாத்தியங்கள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போகும். அவ்வளவுதான். கிடார் கற்கப் போகிறவர்களுக்கு இன்றும் முதல் சில வாரங்களில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் விரல் வலிமைக்கு நல்லது, கேட்கிறவர்களுக்கும் உடனே தெரியும். அந்த ஒலிப்பதிவில் பியானோ வாசித்த இளைஞர் ஜான் வில்லியம்ஸ், பின்னால் 'ஸ்டார் வார்ஸ்' இசையமைத்தவர். கிராமி விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட 1959இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கியது இந்தத் தொடரின் இசைத்தட்டுதான். அதற்கு முன்பு தொடர்களுக்குப் பழைய செவ்வியல் இசையில் இருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொள்வது சகஜம். 'லோன் ரேஞ்சர்' வானொலியில் தொடங்கி டிவிக்கு வந்தபோதும் ரோசினியின் 'வில்லியம் டெல்' முன்னிசையையே வைத்திருந்தார்கள். மர்மப் பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் டிவி தொடருக்கு கூனோ எழுதிய பொம்மையின் சவ ஊர்வல இசை. உரிமைத் தொகை கேட்க ஆள் இல்லாத இசை, செலவு மிச்சம். தொடருக்கென்று தனியாக எழுதிய இசையைக் கடையில் நன்றாக விற்கலாம் என்று மான்சினியின் இசைத்தட்டு காட்டியது.

சரி, என் பட்டியலில் முதல் இடம் எதற்கு என்றால், யோசிக்காமல் சொல்வேன்: காலத்தில் பயணம் செய்யும் ஒருவரைப் பற்றிய பிரிட்டிஷ் தொடர் 'டாக்டர் ஹூ'வின் இசை, 1963இல் வந்த மூல வடிவம்.

பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று முதல் அத்தியாயம். முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார், ஊர் உலகமெல்லாம் அதே பேச்சு. அந்தச் சனிக்கிழமை மாலையில் இங்கிலாந்து வீடுகளின் டிவியில் இருந்து வந்தது, அதுவரை மனிதர் யாரும் எந்த வாத்தியத்திலும் வாசித்திராத ஓசை. மெட்டை எழுதியவர் ரான் கிரெய்னர், ஆஸ்திரேலியர். அவர் எழுதிக் கொடுத்தது ஒரு தாளில் அடங்கிவிடும். எந்த வாத்தியம் என்று போட வேண்டிய இடத்தில் காற்றுக் குமிழி, மேகம் என்கிற மாதிரி குறிப்புகள். அதை ஓசையாக்கியவர் டீலியா டெர்பிஷைர் என்ற பெண். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். படித்து முடித்ததும் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பிபிசியில் சேர்ந்து, லண்டன் மைடா வேலில் இருந்த ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்புக்கு வந்தார். நாடகங்களுக்கு விசித்திர ஓசைகள் செய்து கொடுக்கும் பிரிவு அது.

சிந்தசைசர் கடைக்கு வராத காலம். அவரிடம் இருந்தவை ஒலிநாடாக் கருவிகள், பொறியாளர்கள் கருவிகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் அலை எழுப்பிகள், ஒரு கத்தி, ஒட்டும் நாடா. அவ்வளவுதான். 'டும்டடும் டும்டடும்' என்று அடியில் குதித்துக்கொண்டே போகுமே, அது ஒரே ஒரு கம்பியை ஒரே ஒரு தடவை சுண்டிப் பதிவு செய்த ஓசை. அதை நாடாவில் வேகமாக ஓடவிட்டால் சுருதி ஏறும், மெதுவாக ஓடவிட்டால் இறங்கும். இப்படி மெட்டுக்கு வேண்டிய ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகத் தயார் செய்து, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டுமோ அதற்கு எத்தனை அங்குல நாடா என்று கணக்குப் போட்டு வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார். ஒரு ஸ்வரம், ஒரு துண்டு, ஒரு ஒட்டு. மேலே ஊளையிட்டு வழுக்கிக்கொண்டு போகும் மெட்டு அலை எழுப்பியில் இருந்து வந்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று வருவது வெறும் இரைச்சலை வடிகட்டி எடுத்தது.

பல தடங்களை ஒன்றாகப் பதியும் கருவி அங்கே இல்லை. அடித்தளம் ஒரு நாடாவில், மெட்டு ஒன்றில், இரைச்சல் ஒன்றில். மூன்று கருவியையும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தி ஓடவிட்டு, ஒத்துப் போகிறதா என்று கேட்க வேண்டும். ஒரு தடவை எங்கேயோ ஒரு ஸ்வரம் இடித்தது. எந்த ஒட்டில் பிசகு என்று காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. டெர்பிஷைரும் அவருடைய உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களை எடுத்துக்கொண்டு போய், கட்டடத்தின் நீண்ட நடைபாதையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்து, ஒட்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஒரு நாடாவில் மட்டும் ஒரு ஒட்டு, பக்கத்தில் இருந்தவற்றோடு நேராக வராமல் தள்ளி நின்றது. கிடைத்துவிட்டது. இசையில் அபசுரத்தைக் கண்ணால் தேடிப் பிடித்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

முடித்ததும் கிரெய்னரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். அவர் கேட்டுவிட்டு, இதை நானா எழுதினேன் என்றாராம். பெரும்பாலும் நீங்கள்தான் என்று டெர்பிஷைர் சொன்னாராம். கிரெய்னர் நல்ல மனிதர், இசையமைப்பாளர் என்ற பெயரிலும் வருமானத்திலும் டெர்பிஷைருக்குப் பாதி கொடுக்க வேண்டும் என்று கேட்டார். பிபிசி ஒத்துக்கொள்ளவில்லை. வொர்க்‌ஷாப்பில் இருப்பவர்கள் சம்பளக்காரர்கள், பெயர் போடுவது வழக்கமில்லை. டெர்பிஷைர் 2001இல் காலமானார். தொடரின் திரையில் அவர் பெயர் முதன்முதலாக வந்தது 2013இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில்.

அதற்குப் பிறகு அந்த இசையைப் பலர் மறுபடி செய்தார்கள். 1980இல் பீட்டர் ஹவல் சிந்தசைசரில், 2005இல் மர்ரே கோல்ட் பெரிய வாத்தியக் குழுவோடு. கோல்ட் நல்ல இசைக்காரர், டெர்பிஷைரின் பழைய ஓசைகளையும் உள்ளே கலந்திருக்கிறார். ஆனால் வயலின்கள் வந்தவுடன் அது ஒரு சாகசப் படத்து இசையாகிவிடுகிறது. மூல வடிவத்தில் இருக்கும் பயம் வேறு. இந்த ஓசை எதிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் அடுத்த அறையில் இருக்கும் குழந்தைக்குக்கூட முதல் நொடியிலேயே தெரிந்துவிடுகிறது.

பெயரும் பணமும் பற்றிய பேச்சு வந்ததால், இன்னும் சில கதைகளைச் சொல்லிவிடுகிறேன். டைட்டில் இசை உலகத்தில் இவை இல்லாமல் பேச்சே கிடையாது. 'ட்வைலைட் ஸோன்' என்ற மர்மத் தொடர் 1959இல் தொடங்கியபோது இசை பெர்னார்ட் ஹெர்மன், ஹிட்ச்காக் படங்களுக்கு இசையமைத்த பெரிய ஆள். அது அழகான இசை, ஆனால் இன்று யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் நினைவிருப்பது இரண்டாவது வருடம் வந்த 'டிடுடிடு டிடுடிடு' என்ற கிடார் துண்டு. நாலே ஸ்வரம், விடாமல் திரும்பத் திரும்ப. எழுதியவர் மாரியுஸ் கான்ஸ்டன்ட், ருமேனியாவில் பிறந்து பாரிஸில் இருந்த நவீன இசைக்காரர். ஆனால் அவர் இந்தத் தொடருக்கென்று எழுதவில்லை. சிபிஎஸ் தன் இசைக் கிடங்கில் சேர்த்து வைக்க, தேவைப்படும்போது எந்தத் தொடருக்கும் போட்டுக்கொள்ள, குட்டிக் குட்டித் துண்டுகளாக வாங்கி வைத்திருந்தது. அதில் இரண்டு துண்டுகளை எடுத்து முன்னும் பின்னுமாக ஒட்டினார்கள், டைட்டில் ஆகிவிட்டது. ஒட்டுப் போட்ட விஷயம் தெரிந்துகொண்டு கேட்டால், கிடார் துண்டில் இருந்து போங்கோவும் பித்தளையும் வரும் இடத்துக்கு மாறுவது ஒரு வெட்டு மாதிரியே இருக்கும். அந்த வெட்டுதான் அதன் பயமுறுத்தலே. ஹெர்மன் பொறுமையாகக் கட்டி எழுப்பினார், இதில் எச்சரிக்கையே கிடையாது.

'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் 1966. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தவர்கள் நம்மிலும் உண்டு. அலெக்ஸாண்டர் கரேஜ் இசை. அடியில் தாளம் வேகமாக ஓட, மேலே மெட்டு அவசரமே இல்லாமல் நீண்டு மிதக்கும். மெட்டைப் பாடும் பெண் குரல் லூலி ஜீன் நார்மன் என்ற பாடகியுடையது, வார்த்தை கிடையாது. விண்கலம் 'ஷூ' என்று குறுக்கே பாயும்போது வரும் ஓசையை கரேஜ் தன் வாயாலேயே ஊதிப் பதிவு செய்தார். இத்தனை செய்தவருக்குக் கிடைத்தது என்ன? தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, மெட்டுக்கு வரிகள் எழுதினார். பாடுவதற்காக அல்ல. வரிகள் இருந்தால் பாடலாசிரியர் என்ற முறையில் உரிமைத் தொகையில் பாதி அவருக்கு வரும், ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது. அந்த வரிகள் தொடரில் ஒருநாளும் பாடப்படவில்லை, பாதிப் பணம் மட்டும் ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் போய்க்கொண்டே இருந்தது. சட்டப்படி சரிதான். எனக்கு அந்தத் தொடரின் லட்சியப் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து தொலைக்கும்.

எதிர்ப்பக்கமும் ஒரு கதை உண்டு. போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் 'மேஷ்' தொடரின் மெட்டு முதலில் 1970இல் வந்த படத்துக்காக ஜானி மான்டல் போட்டது. வரிகளை எழுதியவர் இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மனின் 14 வயது மகன். படத்தை இயக்கியதற்கு அப்பாவுக்குக் கிடைத்தது 70,000 டாலர் போல. தொடர் பதினோரு வருடம் ஓடி, டைட்டிலில் வார்த்தையே இல்லாமல் வாத்திய இசை மட்டும் வந்தும்கூட, மகனுக்கு உரிமைத் தொகையாக வந்தது பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று ஆல்ட்மனே ஒரு பேட்டியில் சொல்லிச் சிரித்தார்.

நம் பக்கம் வருவோம். தூர்தர்ஷனின் அடையாள இசையைப் பலரும் பட்டியலில் முதலில் போடுவார்கள். பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் உஸ்தாத் அலி அகமது ஹுசைனும் சேர்ந்து செய்தது. சின்னம் சுழன்று சுழன்று வந்து சேரும்வரை ஷெனாய் மெல்ல இழுக்கும். எனக்கு அதில் பாசம் உண்டு, ஆனால் என் பரீட்சையில் அது தேறாது. கூப்பிடுகிற அவசரமே அதில் இல்லை. இருக்கவும் தேவையில்லை. இருந்தது ஒரே சேனல், யாரைப் போட்டிக்கு அழைக்க வேண்டும்? அந்த அவசரம் தெரிந்தவர் 'மகாபாரத்' தொடருக்கு இசையமைத்த ராஜ்கமல். மகேந்திர கபூரின் குரல் 'அத ஸ்ரீ மகாபாரத் கதா' என்று உச்சத்தில் எழும்பும்போது, இந்தி தெரியாத நம் ஊர்த் தெருக்களிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆள் நடமாட்டம் நின்றது.

ஆனால் இந்தியத் தொடர் இசையில் என் முதல் ஓட்டு 'மால்குடி டேஸ்' இசைக்குத்தான். இசை எல். வைத்தியநாதன். பெயர் சட்டென்று நினைவுக்கு வராவிட்டால் 'ஏழாவது மனிதன்' படத்தில் யேசுதாஸ் பாடிய 'காக்கைச் சிறகினிலே நந்தலாலா' என்று சொன்னால் போதும், அந்த மெட்டுக்காரர். எல். சுப்பிரமணியம், எல். ஷங்கர் என்ற இரண்டு வயலின் மேதைகளின் அண்ணன். அப்பா வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் வயலின் சொல்லிக் கொடுத்தவர். பிள்ளைகள் அங்கே வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இங்கே திரும்பியது. தூர்தர்ஷனில் பல வருடம் ஓடிய 'சுரபி' நிகழ்ச்சியின் டைட்டில் இசை தம்பி சுப்பிரமணியம் செய்தது. ஒரே வீட்டில் இருந்து இந்தியா முழுக்கக் கேட்ட இரண்டு டைட்டில்கள்!

மால்குடி டேஸின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகள். படமெடுத்த இடம் கர்நாடகத்தின் ஆகும்பே. இயக்குநர் ஷங்கர் நாக், கன்னடக்காரர். ஒளிபரப்பானது இந்தியில். கதை நடப்பதோ இந்திக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தென்னிந்தியச் சின்ன ஊரில். டைட்டிலுக்கு எந்த மொழியில் பாட்டு வைத்தாலும் அது வெளி ஆளாகத்தான் நிற்கும். வைத்தியநாதன் வார்த்தையே வைக்கவில்லை. 'தானா ந தனன நா' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். வயலில் வேலை செய்கிறவரோ சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிற தபால்காரரோ தன்பாட்டுக்குப் பாடிக்கொள்வது மாதிரி இருக்கும், பாடகர் மேடையில் நின்று பாடுவதாகத் தோன்றவே தோன்றாது. திரையில் ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டுச் சித்திரங்கள் ஒவ்வொன்றாக வரும். குடை, தெரு, பையன்கள். பெரிய வாத்தியக் குழுவை வைத்திருந்தால் அந்தக் கோடுகள் நசுங்கிப் போயிருக்கும். பாட்னாவில் வளர்ந்த ஒருவரும் பாளையங்கோட்டையில் வளர்ந்த ஒருவரும் இன்றும் சேர்ந்து முணுமுணுக்கக்கூடிய மெட்டுகள் எத்தனை? சினிமாப் பாட்டை விட்டுவிட்டால் எனக்கு இது ஒன்றுதான் தோன்றுகிறது.

தமிழ்த் தொடர்களில் டைட்டில் இசை என்பதைவிட டைட்டில் பாட்டு என்பதுதான் வழக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாலசந்தரின் 'ரயில் சினேகம்' தொடருக்காக வி.எஸ். நரசிம்மன் இசையில், வைரமுத்து வரிகளில் சித்ரா பாடிய 'இந்த வீணைக்குத் தெரியாது' இருக்கிறதே, எந்தப் படத்தில் வந்திருந்தாலும் அந்தப் படத்துக்குப் பெருமை. ஆனால் அது உட்கார்ந்து கேட்க வேண்டிய பாட்டு. ஆளை ஓடி வர வைக்கிற பாட்டு என்றால் 1999இல் சன் டிவியில் தொடங்கிய 'சித்தி'யின் 'கண்ணின் மணி கண்ணின் மணி'. தினா இசை, நித்யஸ்ரீ குரல். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தெருவில் நடந்துபோனால் வீடு வீடாக அந்தக் குரல் தொடர்ந்து வரும், ஒரு வரியும் விட்டுப்போகாது. ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்லித் தொடங்குவது சும்மா இல்லை. முதல் தடவை காதில் விழுந்தால் திரும்பிப் பார்ப்போம், இரண்டாவது தடவைக்குள் எழுந்துவிடுவோம். கொஞ்ச நாள் கழித்து 'மெட்டி ஒலி'யில் 'அம்மி அம்மி' என்று அதே உத்தி. கர்நாடக சங்கீதக் கச்சேரிக் குரலை மெகா தொடருக்குக் கொண்டுவந்தது நல்ல யோசனை, கூட்டத்தில் கலக்காமல் தனியாகக் கேட்கும் குரல் அது.

இப்போது உங்கள் ஆதங்கத்துக்கு வருகிறேன். முதலில் நேரம் போனது. அறுபதுகளில் அமெரிக்காவில் ஒரு மணி நேரத் தொடர் என்றால் சுமார் 50 நிமிடம் தொடர், மிச்சம் விளம்பரம். போகப் போக அது 42, 44 நிமிடம் என்று சுருங்கியது. கதையில் கை வைக்க முடியாது, டைட்டிலில் கை வைத்தார்கள். 2004இல் வந்த 'லாஸ்ட்' தொடரில் டைட்டில் என்பது சில நொடிதான், தொடரின் பெயர் மட்டும் மிதந்து வரும், பின்னால் ஒரு முனகல் ஓசை. அதைத் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜே.ஜே. ஏப்ரம்ஸ் தானே செய்துகொண்டார். அப்புறம் 2017இல் நெட்ஃபிளிக்ஸ் டைட்டிலைத் தாண்டிப் போக ஒரு பொத்தானே வைத்துவிட்டது. தனியாக, காதில் இயர்போனோடு, வேண்டிய நேரத்தில் வேண்டிய அத்தியாயத்தைத் தானே அழுத்திப் பார்க்கிற ஆளைக் கூப்பிட வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? அவர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார். அதனால் இப்போதைய டைட்டில் இசை பெரும்பாலும் சூழலை உண்டாக்கும் இசை. அதில் நல்லவை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த அறையில் இருந்து கேட்டால் எது எந்தத் தொடர் என்று எனக்குப் புரிவதில்லை.

விதிவிலக்கு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. ரமின் ஜவாடி செல்லோவில் தொடங்கி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வாசித்தார், யாரும் தாண்டிப் போகவில்லை. அந்தத் தொடர் வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட நேரத்தில் வந்தது என்பதையும், ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால் காரணம் விளங்கும்.

'ஹவாய் ஃபைவ் ஓ' எங்கே, 'நைட் ரைடர்' எங்கே என்று சண்டைக்கு வராதீர்கள். முதலாவது மார்ட்டன் ஸ்டீவன்ஸ் 1968இல் செய்தது, டிரம்ஸ் உருளலோடு தொடங்கும், என் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறும். வென்ச்சர்ஸ் குழு அதைத் திரும்ப வாசித்து அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை கொண்டுபோனது. நைட் ரைடரின் இசையில் ஸ்டூ ஃபிலிப்ஸ் போட்ட அந்தத் துடிக்கும் சிந்தசைசர் துண்டை, தொடரைப் பார்க்காதவர்களும் கேட்டிருப்பார்கள். பஞ்சாபி எம்சியின் 'முண்டியான் தோ பச் கே' முழுக்க அதன் மேல்தான் ஓடுகிறது. கல்யாண வரவேற்புகளில் டிஜே அதைப் போட்டால் பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்து ஆடுகிறார்கள், 1982இல் வந்த ஒரு பேசும் காரின் டைட்டில் இசைக்கு.